வெள்ளையடித்த வார்டு

காத்தாயிக்குப் பிள்ளைவலி எடுத்தது, புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு இணைந்த வருடம். கொடும்பாளூருக்கு மேற்கே, மாட்டுவண்டித் தடம் மட்டுமே போகிற ஒரு சிற்றூர் அவளுடையது. ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தும் பிள்ளை இறங்கவில்லை. மருதங்குறிச்சி ஆசுபத்திரிக்கு வண்டி கட்டலாமா என்று மாமனார் கேட்டார். அவர் கேட்டது மருத்துவரிடம் அல்ல, கோயிலில். சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குழந்தை கையில் சிவப்பு வந்தது. போகக் கூடாது என்று பொருள். மறுநாளும் போட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் சிவப்பு. அதற்கடுத்த நாள் வெள்ளை வந்தது. வண்டியில் மாடு பூட்டிக்கொண்டிருந்தபோது, பிள்ளை செத்தே பிறந்தது.

பிள்ளையின் தலை அத்தனை நேரம் அழுத்திக்கொண்டு நின்றதில், மூத்திரப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவில் இருந்த சதை செத்து ஓட்டை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து நின்றாலும் உட்கார்ந்தாலும் படுத்தாலும் அவளுக்குச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தது. உலகம் முழுவதும் ஏழைப் பெண்களுக்கு வருகிற கேடு இது. இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, தையலும் உண்டு. ஊர் அதற்கு வைத்த பெயர் சாமி குத்தம். சாமியின் பேச்சைக் கேட்டுத்தான் வண்டி கட்டாமல் இருந்தார்கள். அப்படியானால் குத்தம் செய்தது யார் என்று கேட்க அந்த ஊரில் ஒரு வாய் இல்லை.

புருஷன் பிச்சைமுத்து கெட்டவன் அல்லன். ஒரு வருடம் பொறுத்தான். பிறகு விராலிமலைப் பக்கம் கல்லுடைக்கப் போனான், அங்கேயே இன்னொருத்தியோடு இருந்துவிட்டான். காத்தாயியை மாமியார் முதலில் மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினாள். மாட்டுக்குப் பால் குறைந்ததும் அதற்கும் அவளே காரணம் என்றானது. காத்தாயி கண்மாய்க்கரைக்கு அந்தப்புறம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் குடிசையில் அவள் தனியாக இருந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல நிகழ்ச்சி என்று எதுவும் இல்லை. பகலெல்லாம் கந்தல் துவைப்பாள், காய வைப்பாள், மறுபடி துவைப்பாள். களை எடுக்கிற நாளில் வரப்பின் கோடியில் அவளுக்கென்று தனி வரிசை ஒதுக்குவார்கள். கடைக்காரர் உப்பையும் மிளகாயையும் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போவார், அவள் வந்து எடுத்துக்கொள்வாள். யாராவது எதிரே வந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஒதுங்கி நிற்கப் பழகிக்கொண்டாள். ஒருமுறை தாய் வீட்டுக்குப் போக பஸ் ஏறினாள். இரண்டாவது நிறுத்தத்தில் கண்டக்டர் வந்தார்.

“எறங்கிக்க ஆத்தா. நான் ஒண்ணும் சொல்லல. சனங்க சொல்றாங்க.”

இறங்கினாள். அதன் பிறகு பஸ்ஸின் பக்கம் போகவில்லை. சில நாள் சேர்ந்தாற்போல் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, வாயைத் திறக்கும்போது குரல் கட்டிக்கொள்ளும். அதைக் கேட்டு அவளே பயந்துபோவாள்.

மருதங்குறிச்சி ஆசுபத்திரியில் ஆயாவாக வேலை பார்த்த ஆரோக்கியம்மாள், உறவுக்காரர் வீட்டுச் சாவுக்குப் போய்விட்டு ஒருநாள் கண்மாய்க்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வேலியெல்லாம் கந்தல் காய்வதைப் பார்த்து நின்றார்.

“இம்புட்டுத் துணி தொவைக்கிறியே, வீட்ல எத்தனை பேரு?”

“நான் ஒருத்திதாங்க.”

ஆரோக்கியம்மாள் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இருபது வருடம் வார்டில் புழங்கியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“பிள்ளை பெத்ததுலேருந்தா?”

“ஆமாங்க.”

“நடப்பியா?”

“நடப்பேங்க.”

“அப்ப கெளம்பு.”

காத்தாயி இருபது அடி விட்டுப் பின்னால் நடந்தாள். ஆரோக்கியம்மாள் திரும்பி நின்றார். “ஏன் அங்கிட்டு வார? கூட வா. ஒங்கிட்ட பேசிக்கிட்டே போனாத்தான எனக்கும் தூரம் தெரியாது.”

மருதங்குறிச்சி ஆசுபத்திரி ராஜா காலத்தில் கட்டியது. பெரிய கட்டடம் இல்லை. ஆனால் அங்கே ரண சிகிச்சைக்கென்று ஒரு வார்டும், ஆபரேஷன் அறையும் இருந்தன; ரத்தினவேல் என்கிற டாக்டரும் இருந்தார். அவர் காத்தாயியைப் பரிசோதித்தார். இது சாமி குத்தம் இல்லை, ஓட்டை, ஓட்டையை அடைக்கலாம் என்றார். அவள் அதை நம்பினாளா என்று தெரியாது. ஆனால் அந்த வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஏதோ ஒரு வாடை இருந்தது, யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்லவில்லை. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் ஆபரேஷனில் பெரும்பகுதி அடைபட்டது. ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் நின்றது.

“இப்பத் தொடக் கூடாதும்மா” என்றார் டாக்டர். “சதை ஆறணும். ஆறு மாசம் கழிச்சு வா. இன்னொரு தடவை தைச்சா நின்னுரும்.”

காத்தாயி ஆறு மாதம் காத்திருந்தாள். மறுபடியும் நடந்தே வந்து படுக்கையில் சேர்ந்தாள். அந்தச் சமயத்தில்தான், ரண சிகிச்சைப் பிரிவை இங்கிருந்து எடுத்துத் திருச்சிக்கு மாற்றுவது என்ற திட்டம் வந்தது.

ராஜா போனதில் எனக்கு வருத்தமில்லை. ராஜாக்கள் போக வேண்டியவர்கள்தான். ஆனால் ராஜா காலத்தில் வாங்கிய கத்தியும் விளக்கும் கட்டிலும் ஏன் அவரோடு சேர்ந்து போக வேண்டும்? கோர்ட்டுக் கச்சேரி போயிற்று, ஆபீஸ்கள் போயின. இப்போது ஆபரேஷன் அறை. சுகாதார இலாகா சொன்ன காரணம் எளிமையானது: மருதங்குறிச்சியில் நோயாளிகள் குறைவு, செலவு அதிகம், திருச்சி ஒன்றரை மணி நேர பஸ் பயணம். சட்டசபையில் எதிர்க்கட்சி இதைக் கிளப்பியது. நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தருவதற்கென்று உறுப்பினர்கள் குழு ஒன்றை அமைத்தார்கள்.

ஊரில் வரவேற்புக்கு முன்நின்றவர் அரிசி மில் முத்துராமன். ஆசுபத்திரி போகக் கூடாது என்பதில் அவரைவிட அக்கறை உள்ளவர் யாரும் இல்லை. அவருடைய சொந்த மகனின் குடல்வாலை எடுத்துப் பிழைக்க வைத்தது இதே டாக்டர். மனிதர் இரவும் பகலும் அலைந்தார். பெரியவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் நாம் என்ன செய்வோம்? வெள்ளையடிப்போம், வாழை கட்டுவோம், நோயாளி இருந்தால் பின்கட்டுக்கு நகர்த்துவோம். முத்துராமனும் அதையே செய்தார். டாக்டர் ரத்தினவேலை இலாகா இரண்டு நாள் முன்பே விளக்கம் கேட்கத் திருச்சிக்கு அழைத்திருந்ததால், தடுக்க ஆள் இல்லை. கம்பவுண்டர் ராக்கன்தான் கொஞ்சம் முனகினார்.

“வார்டக் காலி பண்ணணுமாங்க?”

“பின்ன? சட்டசபை மெம்பருங்க வாராங்க. சீழும் ரத்தமுமா ஆளு கெடந்தா, இதென்ன ஆசுபத்திரியா மாட்டுக்கொட்டகையான்னு கேட்டு அன்னைக்கே இழுத்து மூடிருவாங்க.”

“ஆளே இல்லாம இருந்தா?”

“சுத்தமா இருக்கும்யா” என்றார் முத்துராமன்.

எழுந்து நடக்க முடிந்தவர்களைச் சனிக்கிழமை வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நடக்க முடியாதவர்களை மில் வண்டியில் ஏற்றி, மில் கிடங்கில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு முத்துராமன் வீட்டிலிருந்து போயிற்று. காத்தாயி மட்டும் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“நீ எங்கிட்டு போவ?” என்று கேட்டார் முத்துராமன்.

“எங்கிட்டும் இல்லீங்க.”

“கெடங்குக்கு வேண்டாம், அரிசி இருக்கு. பின்னாடி தொவைக்கிற கல்லுகிட்ட இருந்துக்க. முன்பக்கம் மட்டும் வந்துராத ஆத்தா, ஒன்னக் கும்புட்டுக் கேக்குறேன்.”

உண்மையிலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

குழு வந்த அன்று நாதசுரம் இருந்தது, மாலை இருந்தது, எலுமிச்சம்பழம் இருந்தது. டாக்டர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். வார்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. மடிப்புக் கலையாத விரிப்புகளோடு கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன.

“ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க” என்றார் குழுத் தலைவர்.

முத்துராமன் முகம் மலர்ந்தது. இலாகாவிலிருந்து கூட வந்திருந்த அதிகாரி மெல்லத் தொண்டையைச் செருமினார். “நாங்க ஆரம்பத்திலேருந்து சொல்லிட்டு இருக்கிறதும் இதைத்தான் சார். இத்தனை கட்டில் இருக்கு. படுக்க ஒரு ஆள் இல்லை.”

முத்துராமனுக்குத் தாம் செய்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது.

“இருந்தாங்கய்யா. எல்லாக் கட்டில்லயும் ஆளு இருந்தாங்க. அய்யா வாரீங்கன்னுதான் அனுப்பிச்சோம்.”

“எதுக்கு அனுப்பினீங்க?”

“மரியாதைக்குங்க.”

தலைவர் அவரை நம்ப முடியாமல் பார்த்தார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். குழுவில் எதிர்க்கட்சி உறுப்பினர் சிவசாமி இருந்தார். இந்தப் பிரச்சினையைச் சட்டசபைக்குக் கொண்டுபோனவரே அவர்தான். “சரி, அனுப்பினவங்கள்ல ஒருத்தரையாவது கண்ணால பாக்கணும். இப்பவே” என்றார்.

மில் கிடங்கு தூரம். ஆரோக்கியம்மாள் யாரிடமும் கேட்காமல் பின்கட்டுக்குப் போய்க் காத்தாயியை அழைத்துவந்தார். அவள் வராந்தாவின் கோடியில் நின்றுகொண்டாள்.

“கிட்ட வாம்மா” என்றார் சிவசாமி.

“இங்கனயே நிக்கிறேங்க. காத்து அங்கிட்டுதான் அடிக்குது.”

டாக்டர் ஆங்கிலத்தில் விளக்கினார். தலைவர் தலையாட்டினார். அதிகாரி விடவில்லை. “இந்த மாதிரிக் கேசுக்குத் திருச்சியில இன்னும் நல்ல வசதி இருக்கு. ஒன்றரை மணி நேரம். பஸ்ல ஏறி உக்காந்தா இறங்கிடலாம். இந்தம்மாவுக்கே அதுதான் நல்லது.”

காத்தாயி அவரைப் பார்த்தாள். இத்தனை ஆண்கள் ஒரே இடத்தில் நின்று அவள் பேசுவதற்காகக் காத்திருப்பது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

“வாரேங்க” என்றாள். “நீங்க பக்கத்து சீட்டுல உக்காந்து கூட்டிட்டுப் போங்க. நான் வாரேன்.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதிகாரியை நோக்கி வராந்தாவில் சில அடி நடந்தாள். அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். தலைவர் பின்னால் நகர்ந்தார். மாலையும் கையுமாக நின்ற ஊர்ப் பெரியவர்கள் நகர்ந்தார்கள். சிவசாமியும் ஓர் அடி பின்வாங்கினார். காத்தாயி அங்கேயே நின்றாள், பிறகு திரும்பித் தன் பழைய இடத்துக்குப் போனாள்.

மறுமாதம் சட்டசபையில் சிவசாமி பேசினார். நல்ல பேச்சு. நான் அதை முழுக்கப் படித்திருக்கிறேன். ஏழையின் உடம்புக்கு இந்த அரசாங்கம் என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறவர்கள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒன்றரை நிமிடம் நின்றார்களா என்று கேட்டார். ஆளுங்கட்சி வரிசையில் தலைகள் குனிந்தன. அதோடு, அவளுடைய பெயரையும் ஊரையும் சொன்னார். நோயையும், அதன் வாடையையும், புருஷன் விட்டுப்போனதையும் சொன்னார். பத்திரிகையில் எல்லாம் வந்தது.

ராக்கன் பத்திரிகையோடு வார்டுக்கு வந்தார். காத்தாயி அப்போது மறுபடியும் கட்டிலில் இருந்தாள். உள்ளே கொஞ்சம் புண் இருந்ததால் ஆபரேஷன் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

“ஒம் பேரு பேப்பர்ல வந்திருக்கு.”

“என்னான்னு போட்டிருக்குங்க?”

“நல்லாத்தான் போட்டிருக்கு.”

“படிங்க.”

ராக்கன் படித்தார். பாதியில் நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

“மிச்சத்தையும் படிங்க” என்றாள்.

படித்து முடிக்கும்வரை அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். “இதெல்லாம் நான் அவருகிட்ட சொல்லலையே” என்றாள் கடைசியில்.

“டாக்டரும் ஆயாவும் சொல்லியிருப்பாங்க. நல்லதுக்குத்தான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

நல்லதுக்குத்தான், மறுக்கவில்லை. அநியாயத்தை எதிர்த்துப் பேசுகிற நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவன் நம் வாதத்துக்குள் வந்ததும், அவன் வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே போகலாம் என்று எண்ணிக்கொள்கிறோம். அவளுடைய ஊரில் அதுவரை பாதிப் பேர் ஊகித்துக்கொண்டிருந்ததை இப்போது எல்லாரும் படித்துத் தெரிந்துகொண்டார்கள். வாராவாரம் வார்டுக்கு வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போன அவளுடைய சித்தப்பா மகன், மானம் போயிற்று என்று அதன்பின் வரவில்லை. அவளைத் தேடி வருகிற உறவு என்று எஞ்சியிருந்தது அவன் ஒருவன்தான்.

மந்திரியின் பதில் இரண்டு வரி. மாற்றம் நடக்கும். ஆனால், ஏற்கெனவே சேர்ந்திருக்கும் நோயாளிகளுக்கு ஆபரேஷன் முடித்த பிறகே நடக்கும். எதிர்க்கட்சி இதைத் தன் வெற்றி என்றது. ஆளுங்கட்சி இதைத் தன் இரக்கம் என்றது. மருதங்குறிச்சியில் முத்துராமன் இரண்டு நாள் மில்லைத் திறக்கவில்லை.

டாக்டர் ரத்தினவேல் காலையும் மாலையும் அறுத்தார், தைத்தார். கடைசி ஆள் காத்தாயி. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே அவர் திருச்சியில் வேலையில் சேர வேண்டும். கிளம்பும்போது கட்டிலருகே வந்தார்.

“மூத்திரக் குழாயை ரெண்டு வாரத்துக்கு யாரும் தொடக் கூடாது. நீ எந்திரிக்கவும் கூடாது. ராக்கன் எடுத்துவிடுவார். எடுத்த மறுநாள் நல்லா இருமிப் பாரு. நனையலேன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம்.”

“நனைஞ்சா?”

டாக்டர் குழாயின் கட்டை இன்னொரு முறை சரிபார்த்தார். “திருச்சிக்குத்தான் வரணும்” என்றார்.

லாரி வந்தது. ஆபரேஷன் மேஜை போயிற்று, மேலே தொங்கிய பெரிய விளக்கு போயிற்று, கருவிகளை அவிக்கிற கொதிநீர்ப் பெட்டிகள் போயின. பிறகு கட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். கூலிக்காரர் ஒருவர் அவள் கட்டில் பக்கம் வந்து நின்றார்.

“ஆயா, இது?”

“அதுல ஆளு இருக்கு.”

“அதான் கேக்குறேன்.”

“ஆளோட ஏத்தப் போறியா? போ அங்கிட்டு” என்றார் ஆரோக்கியம்மாள்.

அந்தக் கட்டிலை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவு நீளமான வார்டில் ஒரே ஒரு கட்டில். அவள் இருமினால் கோடிச் சுவரில் பட்டுத் திரும்பிவந்தது. ஆரோக்கியம்மாளுக்கு இப்போது முன்பக்கம் புறநோயாளிகளோடு வேலை. காலையில் கஞ்சி கொடுத்து, துணி மாற்றிவிட்டுப் போனால் மறுபடி பொழுது சாய்ந்துதான் வருவார். நடுவில் உள்ள நேரமெல்லாம் காத்தாயி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். குழாய் வழியே சட்டியில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கண்மாய்க்கரைக் குடிசையிலாவது கோழி வரும், காக்கை வரும். இங்கே ஜன்னலை மூடி வைத்திருந்தார்கள்.

ராக்கன் குழாயை எடுத்தது ஒரு சனிக்கிழமை. அன்று முழுக்க அவள் கையைத் துணியின் மேல் வைத்தபடியே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து உட்கார்ந்து இருமினாள். தொட்டுப் பார்த்தாள். எழுந்து நின்று இருமினாள். வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்துபோய் அங்கே நின்று இருமினாள். துணி காய்ந்தே இருந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆரோக்கியம்மாள் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். ராக்கனுக்கு விடுமுறை. டாக்டர் திருச்சியில். முன்பக்கம் பூட்டியிருந்தது. பின்கட்டு வழியாக வெளியே வந்தாள். வலி இருந்தது, மெல்லத்தான் நடந்தாள்.

தெருவில் சந்தை கூடியிருந்தது. அவள் பழக்கத்தில் ஓரமாகவே நடந்தாள். யாரும் விலகவில்லை. ஒருவன் தோளில் இடித்துக்கொண்டு போனான். கால் தளர்ந்ததும், வெங்காயம் விற்றுக்கொண்டிருந்த ஒருத்திக்குச் சற்றுத் தள்ளிக் குந்தினாள். வெங்காயக்காரி கூடையை இழுத்து இடம் விட்டாள்.

“இங்கிட்டு வந்து நல்லா உக்காரு. அங்கிட்டு வெயிலு.”

காத்தாயி நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கை படுகிற அளவுக்குப் பக்கத்தில். வெங்காயக்காரி முகத்தைச் சுளிக்கவில்லை, மூக்கை மூடவில்லை, ஒன்றுமே கவனிக்கவில்லை.

“எந்த ஊரு?”

காத்தாயி ஊரைச் சொன்னாள்.

“அட, அந்த ஊருலதான ஒரு பொம்பளை, பேப்பர்லகூட வந்துச்சே. எங்க வீட்டுக்காரரு படிச்சுக் காட்டுனாரு. எனக்குச் சோறே எறங்கல. தெரியுமா அவள?”

“தெரியுங்க.”

“இப்ப எப்படி இருக்காளாம்?”

“நல்லாயிட்டாளாம்.”

“தேவலையே. யாரு கூட இருக்கா?”

காத்தாயி யோசித்தாள்.

“யாரும் இல்லீங்க” என்றாள்.

வெங்காயக்காரி உச்சுக் கொட்டினாள். அதற்குள் யாரோ வந்து விலை கேட்டார்கள். அவள் தராசை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். காத்தாயி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.